ஆசிரியர் சங்கங்களால்தான் அரசுப் பள்ளிகள் கெட்டனவா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாக்டோ-ஜியோ போராட்ட அறிவிப்பு வந்தால் போதும், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்துவிடும். "கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு தெருவில் உட்காருகிறார்கள்" என்று ஒரு கூட்டம். "நீ ஒரு நாள் அந்த வகுப்பில் நின்று பார்" என்று இன்னொரு கூட்டம். என் அக்கா ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியை. என் மகள் படித்தது அரசுப் பள்ளியில். அதனால் இரண்டு பக்கத்துத் திட்டும் தவறாமல் எனக்கு வந்து சேரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை சுட்டியை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஜாக்டோ-ஜியோ என்பது ஒரு சங்கமா?

இல்லை. ஆசிரியர் அமைப்புகளும் அரசு ஊழியர் அமைப்புகளும் சேர்ந்த கூட்டு நடவடிக்கைக் குழு அது. தொடக்கக் கல்வித் துறைச் சங்கங்களுக்கு டிட்டோஜாக் என்று தனியாக ஒரு கூட்டமைப்பும் உண்டு. இவற்றுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் சங்கங்களை எண்ணப் போனால் கைவிரல் போதாது. இடைநிலை ஆசிரியருக்கு ஒன்று, பட்டதாரி ஆசிரியருக்கு ஒன்று, முதுகலை ஆசிரியருக்கு ஒன்று, தலைமை ஆசிரியருக்கு ஒன்று, உடற்கல்விக்கு ஒன்று, பகுதிநேரத்துக்கு ஒன்று. அவை ஒவ்வொன்றிலும் பிரிந்து போனவை இரண்டு மூன்று.

இந்த அமைப்பைக் கவனித்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். சங்கம் கட்டப்பட்டிருப்பது பதவியை வைத்து. ஒரு பள்ளியில் எட்டு ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள் நான்கைந்து சங்கங்களில் இருப்பார்கள். ஒருவருடைய பதவி உயர்வு இன்னொருவருடைய இழப்பாகக்கூட இருக்கும். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பணியிடம் யாருக்கு என்று முதுகலை ஆசிரியர்களுக்கும் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் நடக்கும் இழுபறி ஓர் உதாரணம். அரசும் ஒவ்வொரு பதவிக்காரரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசுகிறது. பள்ளி என்ற ஒன்றின் சார்பாக அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை.

வேலைநிறுத்தம் செய்ய ஆசிரியர்களுக்கு உரிமை உண்டா?

சங்கம் வைக்க உரிமை உண்டு, அரசமைப்புச் சட்டமே தருகிறது. வேலைநிறுத்தம் வேறு கதை. 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன.

2003 ஜூலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு எஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைப் பாய்ச்சியது. ஒரே வீச்சில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மன்னிப்பும், இனிமேல் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அணி 39 தொகுதிகளிலும் தோற்றதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள்.

அதனால் சட்டம் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. 2017 செப்டம்பரிலும் 2019 ஜனவரியிலும் மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தது. 2019இல் ஒன்பது நாள். பணியிடை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குற்றக்குறிப்பாணை, மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் என்று அரசு மிரட்டியது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டது. இந்தச் சுற்று இரண்டு தரப்புக்குமே மனப்பாடம்.

எப்போது பார்த்தாலும் சம்பளம், ஓய்வூதியம் இரண்டும்தானே?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

1.4.2003 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். மாதாமாதம் பத்து சதவீதம் பிடிப்பார்கள். இருபது ஆண்டுக்கு மேலாகப் பிடித்தார்கள், கடைசியில் மாதம் எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2026 ஜனவரியில்தான் கடைசிச் சம்பளத்தில் பாதிக்கு உறுதி தரும் திட்டத்தை அரசு அறிவித்தது.

இன்னொன்று இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு. 31.5.2009 வரை சேர்ந்தவருக்கு ஆறாவது ஊதியக் குழுவில் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், 1.6.2009இல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். ஒரு நாள் வித்தியாசத்துக்கு 3,170 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அடிப்படை ஊதியத்தின் மேல்தான் ஏறும் என்பதால் இடைவெளி ஆண்டுக்காண்டு வளரும். 2023 செப்டம்பரில் சென்னையில் கல்வித் துறைத் தலைமையகமான டிபிஐ வளாகத்தில் பட்டினி கிடந்து மயங்கி விழுந்தவர்கள் இவர்கள்தான். இதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித்தர 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024இலும் அவர்கள் சம்பளம் 12,500ஆகத்தான் இருந்தது. பணி நிரந்தரம் செய்வோம் என்ற தேர்தல் வாக்குறுதி அப்படியே கிடந்தது. இவர்கள் போராடுவதையும் "லட்ச ரூபாய் சம்பளம்" கணக்கில் சேர்த்துத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

சம்பளம் கூடினால் பாடம் நன்றாக நடக்குமா?

நடக்காது. இதில் சங்கத்துக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இந்தோனேசியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பானது. குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்கு அதை முன்கூட்டியே கொடுத்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஆசிரியர்களின் கடன் நெருக்கடி குறைந்தது, மனநிறைவு கூடியது, பக்கவேலை பார்ப்பது குறைந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்? அசையவே இல்லை. ஆந்திராவில் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த சோதனையில், மாணவர் முன்னேற்றத்தை வைத்துச் சிறு ஊக்கத்தொகை தந்தபோது, சராசரியாக அது ஆண்டுச் சம்பளத்தில் மூன்று சதவீதம்தான், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். "என் பிள்ளைகளில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்து வருவார்கள், யார் முன்னேற்றத்தை நீ அளப்பாய்?" என்பாள். நியாயம்தான். யார் அளப்பது, எதை அளப்பது என்று பேச வேண்டும். ஆனால் பேச்சே எடுக்கக் கூடாது என்பது சங்கங்களின் நிலை. அங்கேதான் நான் முரண்படுகிறேன். சம்பளம் நியாயமாக இருக்க வேண்டும், அது உழைப்பவரின் உரிமை. அதைக் கல்வித் தரத்தின் பெயரால் கேட்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

ஆசிரியர்கள் பள்ளிக்கே வருவதில்லையாமே?

2003இல் இந்தியா முழுவதும் முன்னறிவிப்பு இல்லாமல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்ததில், நான்கில் ஓர் ஆசிரியர் இடத்தில் இல்லை. இந்த எண்ணை வைத்துத்தான் இன்றுவரை ஓட்டுகிறார்கள். 2017இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளுக்குப் போனது. 18.5 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டபோது, பயிற்சி, அலுவலக வேலை, முறையான விடுப்பு என்று கழிந்து, காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான்.

இரண்டு எண்ணும் உண்மை. குழந்தைக்கு ஆசிரியர் எந்தக் காரணத்தால் இல்லை என்பது முக்கியமில்லை. யாரைத் திட்டுவது என்று முடிவு செய்யத்தான் காரணம் முக்கியம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை. இதற்கு யார் பொறுப்பு?

ஏசர் என்பது கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஆய்வு. அதன் 2022 அறிக்கை தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றிச் சொன்னது வயிற்றைக் கலக்கும். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 4.8 சதவீதம். கொரோனாவுக்கு முன், 2018இல், 10.2. கொரோனாவை மட்டும் காரணம் காட்ட முடியாது, அதற்கு முன்னால் இருந்ததும் பெருமைப்படும் எண் இல்லை. அந்தக் கணக்கில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொறுப்பு யாருக்கு என்பதற்கு, அக்கா பள்ளியில் ஒரு காலையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், 38 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். காலை உணவு ஆனதும் ஒன்பது மணிக்கு இறைவணக்கம். ஒன்பதரைக்குள் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் வேப்பமரத்தடியில்தான் வரும், அதனால் அக்கா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். பத்து மணிக்குத் தலைமை ஆசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், ஏதோ ஒரு படிவம் இன்று மதியத்துக்குள் வேண்டும் என்று. அவர் வண்டியை எடுத்துவிட்டால் ஐந்து வகுப்பும் அக்கா கையில். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு எழுதக் கொடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்றைத் தரையில் வட்டமாக உட்கார வைப்பாள். அதற்குள் ஒருவன் வாந்தி எடுப்பான். சத்துணவுக்கூடத்தில் முட்டை வண்டி வந்து கையெழுத்துக்கு நிற்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியாகக் கிடைத்த நேரத்தை நான் ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன்: காலை முழுவதற்கும் சேர்த்துப் பதினெட்டு நிமிடம்.

இந்தப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று நிபந்தனை வைத்து ஒரு சங்கம் ஒரு நாளாவது வேலைநிறுத்தம் செய்திருந்தால், எங்கள் தெருவில் யார் அவர்களைத் திட்டியிருப்பார்கள்? காலிப் பணியிடங்களை நிரப்பு என்பது கோரிக்கைப் பட்டியலில் எப்போதும் இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது இடத்தில். பேச்சுவார்த்தை அந்த இடம் வரை போவதற்குள் டீ வந்துவிடும்.

எமிஸ் பற்றி ஏன் இவ்வளவு கோபம்?

மேலே சொன்ன மரத்தடிதான் காரணம். எமிஸ் என்பது பள்ளி நிர்வாகத் தகவல் தளம். ஒவ்வொரு பிள்ளையின் விவரமும், விலையில்லாப் பொருள் கொடுத்த கணக்கும், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடும் அதில் ஏற வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் பிள்ளை படித்தானா என்பதைவிடப் பதிவு ஏறியதா என்றுதான் மேலதிகாரி கேட்பார். 2023 அக்டோபரில் டிட்டோஜாக் சென்னையில் போராட்டம் அறிவித்தபோது, வருகைப் பதிவு தவிர மற்ற பதிவேற்றங்களிலிருந்து ஆசிரியர்களை விடுவிப்பதாக அமைச்சர் ஒப்புக்கொண்டார். சங்கம் கேட்டது நேராக வகுப்பறைக்கு நன்மை செய்த அரிய சமயங்களில் இது ஒன்று. ஒப்புக்கொண்டதில் எவ்வளவு நடந்தது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சிரிப்பார்.

சங்கங்களால் நல்லதே நடந்ததில்லையா?

வயதான ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். உதவிபெறும் பள்ளிகளில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் கொடுத்த நிர்வாகிகள் இருந்த காலம் அவருக்கு நினைவிருக்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருந்தவர் என்றால், ஒன்றியப் பெருந்தலைவருக்கு வணக்கம் வைக்கத் தவறியதற்காக இருபது கல் தள்ளி மாற்றப்பட்ட கதை ஒன்றாவது சொல்வார். 1.6.1981இல் அவர்கள் அரசு ஊழியர் ஆனது சும்மா நடக்கவில்லை. சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் அரசியல்வாதிக்குப் பயப்படாமல் ஓர் ஆசிரியை இன்று "உங்கள் மகன் பள்ளிக்கு வரவில்லை, ஏன்?" என்று அவர் வீட்டு வாசலில் நின்று கேட்க முடிகிறது என்றால், அதில் சங்கத்துக்குப் பங்கு உண்டு.

சங்கம் வேலை செய்யாத ஆசிரியரைக் காப்பாற்றுகிறதா?

காப்பாற்றுகிறது. இதை மழுப்பிப் பயனில்லை.

மேலே சொன்ன 2003 ஆய்விலேயே ஒரு தகவல் உண்டு. ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளிகளில், தொடர்ந்து வராத ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ததாகச் சொன்ன தலைமை ஆசிரியர் ஒரே ஒருவர். இது முழுக்கச் சங்கத்தின் வேலை என்று சொல்ல முடியாது, நம் நடைமுறையே அப்படி. ஆனால் மெமோ கொடுத்த மறுநாள் அலுவலக வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "எங்கள் உறுப்பினர்" என்றால் போதும், அவர் என்ன செய்தார் என்று கேட்கமாட்டார்கள். நன்றாக வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதில் மனக்கசப்பு அதிகம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் நாற்காலியில் தூங்கினால், அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து மேய்ப்பது இவர்தானே. அக்கா சங்கக் கூட்டத்தில் ஒருமுறை இதைக் கேட்டாளாம். "அதெல்லாம் இங்கே பேசக் கூடாதும்மா, எதிரிக்கு ஆயுதம் ஆகிவிடும்" என்று பதில் வந்ததாம். எதிரி யார் என்று அவள் கேட்கவில்லை.

டெட் தேர்வை ஏன் எதிர்க்கிறார்கள்? தகுதி இருந்தால் எழுதிவிட்டுப் போகலாமே?

இது 2025 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிளம்பிய கேள்வி. பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர் வேலையில் தொடரலாம், பதவி உயர்வு கேட்க முடியாது. தமிழ்நாடு அரசே மறுசீராய்வுக்குப் போனது.

டெட் வருவதற்கு முன்பே, அன்றைய விதிப்படி முறையாக வேலைக்கு வந்தவரிடம் இருபது ஆண்டு கழித்து "நீ தகுதியானவர்தானா?" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். தேர்வைப் பற்றியும் பேச வேண்டும். 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் டெட்டை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். தேறியவர்கள் 2,448. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதில் பாதியை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் லட்சணம் என்று சொல்லலாம், மீதியைத் தேர்வின் லட்சணம் என்று சொல்லலாம். மறுதேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள்.

ஆனாலும் ஒன்று. "தேர்வு வேண்டாம்" என்று சொல்லும் சங்கம், ஓர் ஆசிரியர் நன்றாகச் சொல்லித்தருகிறாரா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு ஒரு யோசனையாவது முன்வைக்க வேண்டும். அது நடந்து நான் பார்க்கவில்லை.

அரசாணை 243 என்ன விவகாரம்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பதவி உயர்வுக்கு முன்பு ஒன்றிய அளவில் முன்னுரிமைப் பட்டியல். 2023 டிசம்பர் 21ஆம் தேதி அரசாணை அதை மாநில அளவுக்கு மாற்றியது. தலைமை ஆசிரியர் ஆக வேண்டுமானால் எங்கோ உள்ள மாவட்டத்துக்குப் போக வேண்டி வரலாம். பிள்ளை, மாமியார், வீட்டுக்கடன் என்று கட்டுண்ட பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பது டிட்டோஜாக்கின் வாதம். சரியான வாதம். பின்தங்கிய ஒன்றியத்துக்கு மூத்த ஆசிரியர் போக ஒரு வழி வேண்டாமா என்ற எதிர்வாதமும் சரி. இரண்டையும் ஒன்றாக வைத்து யாராவது பேசினார்களா என்றால், இல்லை.

சங்கம் நேராகப் பிள்ளைகளுக்கு எதிராகப் போனதுண்டா?

என் கணக்கில் ஒருமுறை உண்டு. 2019 ஜனவரியில் அங்கன்வாடி வளாகங்களில் 2,381 எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியது. இது எங்கள் தகுதியைக் குறைப்பது, எங்களுக்கு மழலையர் பயிற்சி கிடையாது என்று எதிர்ப்புக் கிளம்பி, அதே மாத வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்றாகவும் ஆனது.

பயிற்சி கொடுக்காமல் அனுப்பியது அரசின் தவறு, சந்தேகமில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் ஏன் பிள்ளை குறைகிறது என்று யோசியுங்கள். மூன்று வயதில் பிள்ளையை வேனில் ஏற்றி நர்சரிக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே சீருடை, டை, "ரெயின் ரெயின் கோ அவே" என்று பழகியவன் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்கு ஏன் ஊர்ப் பள்ளிக்கு வரப் போகிறான்? எல்.கே.ஜி. என்பது அரசுப் பள்ளியின் வாசல். அந்த வாசலில் நிற்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தது சங்கங்களின் பெரிய தவறு. பிள்ளை குறைந்தால் பணிநிரவல், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது, வரும், பணிநிரவல் வந்தால் பணியிடம் போகும். சொந்த நலனைக்கூட அன்று சரியாகக் கணக்குப் போடவில்லை.

சங்கம் பலமாக உள்ள இடங்களில் படிப்பு கெட்டுத்தான் இருக்கிறதா?

கேரளத்தில் சங்கங்கள் நம்மைவிடப் பலமானவை, படிப்பும் நம்மைவிடக் கெட்டுப்போகவில்லை. உத்தரப் பிரதேசத்தில் சங்கங்களும் பலம், படிப்பும் மோசம். அங்கே சட்ட மேலவையில் ஆசிரியர் தொகுதிகளுக்கென்று எட்டு இடம் உண்டு. சங்கத் தலைவர்களே மேலவை உறுப்பினர்களாகி விதிகளை வளைக்கிறார்கள் என்று கீதா கிங்டனும் முகமது முசம்மிலும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1986இல் மேலவையையே கலைத்துவிட்டதால் அந்த வழி நமக்கு அடைபட்டுப் போனது.

வெளிநாட்டிலும் இதே குழப்பம்தான். பின்லாந்தில் ஏறக்குறைய எல்லா ஆசிரியரும் சங்கத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சங்கம் வலுவாக உள்ள மாசசூசெட்ஸ் தேர்வுகளில் முன்னணியில் நிற்கும். விஸ்கான்சின் 2011இல் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைச் சட்டம் போட்டு வெட்டியது. மதிப்பெண் சரிந்தது என்று ஓர் ஆய்வும், சம்பளத்தைத் திறமைக்கேற்ப மாற்றிக்கொண்ட மாவட்டங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் வந்தார்கள் என்று இன்னோர் ஆய்வும் வந்தன. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதையே அரசு நடத்தியபோது பயன் இல்லை. நடுவில் சங்கம் எதிர்த்துக் களத்தில் இறங்கியது, நிர்வாகமும் தடுமாறியது. எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். இத்தனைக்கும் பிறகு "சங்கம்தான் காரணம்" என்று ஒரே வரியில் சொல்கிறவரிடம் நான் வாதாடுவதில்லை.

சங்கமே இல்லாத தனியார் பள்ளியில் படிப்பு நன்றாக இல்லையா?

எங்கள் ஊர்த் தனியார் பள்ளி ஆசிரியைக்கு மாதம் பன்னிரண்டாயிரம். பிரசவத்துக்குப் போனால் வேலை போய்விடும். பிள்ளை தேறுவதற்குப் பாதிக் காரணம் மாலை டியூஷன், அதையும் அதே ஆசிரியைதான் எடுக்கிறார்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை ஏன் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்?

கலெக்டரும் தாசில்தாரும் கட்சிக்காரரும் ஏன் அனுப்புகிறார்களோ அதே காரணத்துக்காக. 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தில் அரசிடம் சம்பளம் வாங்கும் எல்லோரும் அரசுப் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடே கைதட்டியது. அனுப்பியவர்கள் யாரென்று தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களை மட்டும் இந்தக் கேள்வி கேட்பது அநியாயம்தான். ஆனாலும் ஊர் அவர்களைத்தான் கேட்கும், அவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. அக்கா தன் மகனை அவள் பள்ளியிலேயே சேர்த்தாள். ஐந்தாம் வகுப்பு வரை. ஆறாம் வகுப்புக்கு டவுனில் மெட்ரிக். ஏன் என்று நான் கேட்டபோது அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

பெற்றோராகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல இடங்களில் தீர்மான நோட்டு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். அடுத்த முறை வந்தால் கையெழுத்துப் போடாமல், கூட்டம் எப்போது என்று கேளுங்கள்.

கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்கலாம். இந்தப் பள்ளியில் எத்தனை பணியிடம் காலி, எந்தத் தேதியிலிருந்து? போன மாதம் நம் ஆசிரியர்கள் எத்தனை நாள் மாற்றுப்பணி, தேர்தல் பணி, பயிற்சி என்று வெளியே போனார்கள்? மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்? பதிலைத் தீர்மானமாக எழுதி, ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், இன்னொரு நகலை உங்கள் பள்ளி ஆசிரியர்களின் சங்க வட்டாரச் செயலாளருக்கும் அனுப்புங்கள். இரண்டாவது நகலை இதுவரை யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை. நாங்கள் போன மாதம் அனுப்பினோம். செயலாளர் போன் செய்து, "இதை எங்களுக்கு ஏன் சார் அனுப்புறீங்க?" என்று கேட்டார். மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று அடுத்த பட்டியலில் முதல் கோரிக்கையாக வைக்க முடியுமா என்று கேட்டோம். மாவட்டத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.